கடித்தடம் இல்லாத கட்டுவிரியன் கடி: விடியற்கால வயிற்றுவலியில் தொடங்கிய ஒரு சுவாசச் செயலிழப்பு

பின்னணி

இந்த நிகழ்வு தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில், ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றின் விடியற்காலையில் நடந்தது. நோயாளி 26 வயது விவசாயத் தொழிலாளி. சர்க்கரை நோயோ வலிப்போ வேறு நீடித்த நோயோ அவருக்கு இருந்ததில்லை. முதல் நாள் இரவு கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, ஓட்டு வீட்டின் முன்கூடத்தில், நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த சுவரோரம் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் தாயார் படுத்திருந்தார். அண்ணன் கூடத்தின் மறுகோடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் பதிவேடு, தாலுகா மருத்துவமனையின் குறிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு கொடுத்த வெளியேற்றச் சுருக்கம் ஆகியவற்றையும், குழுவினரிடமும் நோயாளியிடமும் பின்னர் கேட்டறிந்தவற்றையும் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. நோயாளியின் சம்மதம் பெறப்பட்டுள்ளது. ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்கள் விலக்கப்பட்டுள்ளன. துணைமருத்துவ மாணவர்களுக்கு, நரம்பு தன் கட்டளையைத் தசைக்குக் கைமாற்றும் இடமான நரம்புத்தசைச் சந்திப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்த நிகழ்வைத்தான் நான் முன்வைக்கிறேன். நுரையீரலும் இதயமும் மூளையும் பழுதில்லாமல் இருக்கும்போதே ஒரு மனிதர் மூச்சு நின்று இறந்துபோகலாம் என்பதையும், அவரைக் காப்பாற்ற ஒரு அம்பு பையும் (முகமூடி வழியே மூச்சு கொடுக்கக் கையால் அழுத்தும் பை) அதைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த கைகளும் போதுமானவையாக இருக்கலாம் என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் நோய்நிலைகள் மிகச் சிலவே.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்குமே இந்த இறப்புகளில் பெரும்பங்கிற்குக் காரணமானவை. இவற்றுள் கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் நடமாடுவது. எலி, பல்லி, பிற பாம்புகள் ஆகியவற்றைத் தேடி வீட்டுக்குள் வருவது. தரையில் தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடுவது. அதன் பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல நேரங்களில் தடமும் இருக்காது. கண்ணாடி விரியன் கடியில் காணும் வீக்கத்தையும் ரத்தக்கசிவையும் இங்கே எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். கட்டுவிரியன் நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் நஞ்சு தாக்குவது நரம்பு முனைகளை.

அழைப்புக்கு முன்

அதிகாலை 3.15 மணியளவில் நோயாளி கடுமையான வயிற்றுவலியுடன் விழித்திருக்கிறார். இருமுறை வாந்தி எடுத்திருக்கிறார். இரவு சாப்பிட்ட கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த தாயார் ஓமத்திரவம் கொடுத்திருக்கிறார். வலி குறையவில்லை. 4.45 மணிக்கு மேல் அவர் கண்ணைத் திறந்து பேசாமல் மூடியபடியே பேசினார் என்றும், தூக்கக் கலக்கம் என்று எண்ணிப் படுக்கவைத்துவிட்டதாகவும் அண்ணன் கூறினார். பேச்சு மூக்கால் வருவதைப் போல மாறி, குடித்த தண்ணீர் கடைவாய் வழியே வழிந்தபோதுதான் குடும்பத்தினர் அஞ்சி, 5.10 மணிக்கு 108-ஐ அழைத்தனர். அழைப்பில் சொல்லப்பட்டது வயிற்றுவலியும் வாந்தியும் மட்டுமே. ஆகவே அருகிலிருந்த அடிப்படை உயிர்காப்பு வண்டி ஒன்று, ஒரு மருத்துவ உதவியாளருடனும் பைலட் எனப்படும் ஓட்டுநர் ஒருவருடனும் அனுப்பப்பட்டது.

சம்பவ இடத்தில் கண்டவை

5.34 மணிக்குக் குழு வீட்டை அடைந்தது. மருத்துவ உதவியாளர் பதிவுசெய்த முதல் அளவீடுகள் இவை: நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 112, ரத்த அழுத்தம் 150/96, சுவாசம் நிமிடத்திற்கு 24, ஆக்சிஜன் செறிவு 94 சதவீதம், ரத்தச் சர்க்கரை 118 மில்லிகிராம். இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வலியில் துடிக்கும் இளைஞர் ஒருவரின் எண்கள் என்றே தோன்றும். வயிறு மென்மையாக இருந்தது. அழுத்தியபோது எந்த இடத்திலும் இறுக்கம் இல்லை. வலியின் கடுமைக்கும் வயிற்றில் கண்டதற்கும் பொருத்தம் இல்லை என்பதே அவருக்கு முதல் ஐயத்தை எழுப்பியது.

அடுத்து அவர் செய்தது, இந்த நிகழ்வின் போக்கையே மாற்றியது. கண்ணைத் திறக்கச் சொன்னார்; நோயாளி இமைகளை உயர்த்துவதற்குப் பதிலாக நெற்றியைச் சுருக்கித் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் அப்படிச் செய்யமாட்டார். இமையைத் தூக்கும் தசை வேலைசெய்யாதபோது நெற்றித்தசையின் உதவியை நாடுபவரின் செயல் அது. மருத்துவ உதவியாளர் விரலால் இமையை உயர்த்தியபோது, உள்ளே இருந்த கண் விழிப்போடு அவரைப் பார்த்தது. ஆனால் பக்கவாட்டில் விரலை நகர்த்தியபோது விழிகள் பாதி தூரமே பின்தொடர்ந்தன. கண்ணின் பாவைகள் இரண்டும் விரிந்து, டார்ச் ஒளிக்கு மெதுவாகச் சுருங்கின.

பிறகு தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னார். முடியவில்லை. கைகளையும் கால்களையும் அசைக்க முடிந்தது. பிடியில் ஓரளவு வலு இருந்தது. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னபோது 11 வரை எண்ணி நின்றார். நலமாக இருப்பவர் ஆழ்ந்து மூச்சிழுத்து, நொடிக்கு இரண்டு எண்கள் வீதம் எண்ணினால் 30-ஐ எளிதாகத் தாண்டிவிடுவார். கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை சுவாசத் தசைகளின் வலுவை அளவிடுகிறது. அதன் தனி மதிப்பைவிட, சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்யும்போது எண் இறங்குகிறதா என்பதே முக்கியமானது.

தாயார் அப்போது, "ராத்திரி ஏதோ எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு வாந்தி எடுக்கிறப்ப சொன்னான் சார்" என்றார். குழுவினர் டார்ச் வைத்துக் கைகள், கால்கள், கழுத்து, காதுமடல் ஆகியவற்றைப் பார்த்தனர். எங்கும் தடம் தென்படவில்லை. அண்ணன் மூட்டைகளை நகர்த்திப் பாம்பைத் தேடப் போனார். மருத்துவ உதவியாளர் தடுத்துவிட்டார். அந்தத் தேடலால் சிகிச்சை மாறப்போவதில்லை, இரண்டாவது ஆளும் கடிபடுவதற்கான வாய்ப்பே கூடும்.

வேறு என்னவாக இருக்கலாம் என்ற கேள்வியையும் அவர் விட்டுவிடவில்லை. கிராமத்தில் வாந்தியும் எச்சில் ஒழுகலும் தளர்ச்சியும் ஒன்றாக வந்தால் பூச்சிமருந்தை நினைத்தாக வேண்டும். ஆனால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் நஞ்சில் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், வியர்வை கொட்டும், நெஞ்சில் சளிச் சத்தம் கேட்கும், தசைகள் துடிக்கும். இவருக்குப் பாவைகள் விரிந்திருந்தன, தோல் உலர்ந்திருந்தது, மார்பு தெளிவாக இருந்தது, மருந்து வாடையும் இல்லை. 26 வயதில் இருபுறமும் சமமாக வரும் பக்கவாதம் அரிது. நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயின் தளர்ச்சி பெரும்பாலும் கால்களில் தொடங்கி மேலேறும். அதற்கு நாட்கள் ஆகும். இங்கோ தளர்ச்சி இமையில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் இரண்டரை மணி நேரத்துக்குள் நடந்திருந்தது. மழைக்காலம், தரைப் படுக்கை, விடியற்கால வயிற்றுவலி, இறங்குமுகமான தளர்ச்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, கட்டுவிரியன் கடியாகவே கருதிச் செயல்படுவது என்று 5.46 மணிக்கு முடிவெடுத்தார்.

உடலுக்குள் நடந்துகொண்டிருந்தது

மூளையிலிருந்து வரும் கட்டளை நரம்பின் முனையை அடையும்போது அங்குள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே நுழையும் கால்சியம், கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் நிறைந்த நுண்பைகளை வெடித்துக் கொட்டவைக்கிறது. அந்த அசிட்டைல்கோலின் மிகக் குறுகலான இடைவெளியைக் கடந்து தசையின் ஏற்பிகளில் அமர, தசை சுருங்குகிறது. கட்டுவிரியன் நஞ்சில் உள்ள பீட்டா-பங்காரோடாக்சின் வகை நச்சுப்புரதங்கள் இந்தச் சங்கிலியின் முதல் பக்கத்தை, அதாவது நரம்பு முனையைத் தாக்குகின்றன. அவை பாஸ்போலிபேஸ் நொதிகள். நரம்பு முனையின் சவ்வையே சிதைக்கின்றன. நுண்பைகள் தீர்ந்துபோகின்றன, முனை அழிகிறது. நாகத்தின் நஞ்சோ பெரும்பாலும் எதிர்ப் பக்கத்தில், தசையின் ஏற்பிகளில் அமர்ந்து வழியை அடைக்கிறது.

சிகிச்சையின் பலன் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. ஏற்பியை அடைத்த நஞ்சை விஷமுறிவு மருந்தால் விலக்க முடியும். நியோஸ்டிக்மின் கொடுத்து அசிட்டைல்கோலினின் அளவைக் கூட்டினாலும் ஓரளவு பலன் கிட்டும். நரம்பு முனையே அழிந்துவிட்ட பிறகு விஷமுறிவு மருந்து அதைத் திரும்பக் கட்டித்தராது. ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைப் பிடிப்பது மட்டுமே அதனால் ஆகும். முனை மறுபடி வளர நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்களும் ஆகும். அதுவரை நோயாளியின் உயிர் பிறர் கொடுக்கும் மூச்சில் நிற்கிறது. இந்த நச்சுப்புரதங்களை முதலில் பிரித்தெடுத்தவர்கள் தைவானைச் சேர்ந்த சி.சி. சாங், சி.ஒய். லீ ஆகியோர், ஆண்டு 1963. அங்குள்ள வேறொரு கட்டுவிரியன் இனத்திலிருந்து அவர்கள் எடுத்த ஆல்பா-பங்காரோடாக்சினைக் கொண்டுதான் அசிட்டைல்கோலின் ஏற்பியே பின்னாளில் தனியாகப் பிரித்து ஆராயப்பட்டது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

தளர்ச்சி இமையில் தொடங்குவது தற்செயல் அன்று. எல்லாத் தசைகளுக்கும் ஒரே அளவு சேமிப்பு இல்லை. இமை, விழி ஆகியவற்றின் தசைகளில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. ஆகவே அசிட்டைல்கோலின் குறையத் தொடங்கியதும் அவையே முதலில் தோற்கின்றன. அடுத்து நாக்கு, தொண்டை, மென்னண்ணம் தளர்வதால் பேச்சு மூக்கில் ஒலிக்கிறது, எச்சில் விழுங்க முடியாமல் தேங்குகிறது. கழுத்தை முன்னோக்கித் தூக்கும் தசைகள் அதன் பின். விலாவிடைத் தசைகள் அடுத்தவை. கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் பகுதிகளிலிருந்து புறப்படும் நரம்பால் இயங்கும் உதரவிதானம் பெரும்பாலும் கடைசிவரை போராடும். இந்த வரிசை தெரிந்தவருக்கு, நோயாளி இப்போது எந்தப் படியில் இருக்கிறார், அடுத்த படி எது என்பது தெரியும். கழுத்தைத் தூக்க முடியாத ஒருவருக்கு அடுத்து வரப்போவது மூச்சுத் திணறல்தான்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

வீட்டிலிருந்து 9 கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம். 17 கிலோமீட்டரில் தாலுகா மருத்துவமனை. 52 கிலோமீட்டரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மருத்துவ உதவியாளர் 108 கட்டுப்பாட்டு அறையின் மருத்துவரை அழைத்து, தான் கண்டவற்றையும் தன் கணிப்பையும் கூறினார். நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் உறுதியாகத் தேவைப்படும் என்பதால் நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமா என்பதே இருவரும் பேசிய கேள்வி. ஓடும் வண்டியில் ஒருவர் மட்டும் 52 கிலோமீட்டர் தூரமும் முகமூடி வழியாக மூச்சு கொடுத்துக்கொண்டே போவது, அதுவும் எச்சில் தேங்கும் ஒருவருக்கு, மிகவும் ஆபத்தானது. விஷமுறிவு மருந்தும் அவ்வளவு நேரம் தள்ளிப்போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கிடைத்தாலும் அந்நேரத்தில் மூச்சுக்குழாய் பொருத்தக்கூடியவர் இருப்பார் என்று உறுதியில்லை. தாலுகா மருத்துவமனையில் மருந்தைத் தொடங்கலாம், குழாயும் பொருத்தலாம். ஆகவே அங்கே செல்வது, அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு எடுத்துச்செல்ல வென்டிலேட்டர் உள்ள வண்டியை இப்போதே அங்கே வரவழைப்பது என்று முடிவாயிற்று. இரண்டு வண்டிகளையும் ஒரே நேரத்தில் இயக்கிய இந்த முடிவால் பின்னர் ஒரு மணி நேரமாவது மிச்சமானது என்பது என் கணிப்பு.

நோயாளியை நடக்கவிடாமல் ஸ்ட்ரெச்சரில் எடுத்தனர். கட்டுப் போடவில்லை, கீறவில்லை, வாய்வழி எதுவும் கொடுக்கவில்லை. எச்சில் மூச்சுக்குழலுக்குள் இறங்காதிருக்க இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தேங்கிய எச்சிலை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்தனர். கையில் ஊசிக்குழாய் போடப்பட்டது. அண்ணனை முன்னிருக்கைக்கு அனுப்பாமல் பின்னால் தன்னருகே அமரவைத்துக்கொண்டார் மருத்துவ உதவியாளர். 5.52 மணிக்கு வண்டி புறப்பட்டது. பைலட் அலைபேசியில் தாலுகா மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்தார்.

பயணத்தில்

புறப்படும் முன்பே மருத்துவ உதவியாளர் நோயாளியிடம், "தம்பி, ஆமான்னா வலது கட்டைவிரலை ஒருதரம் அசைங்க, இல்லைன்னா ரெண்டுதரம்" என்று சொல்லிவைத்தார். குரல் போகும்போதும் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு அது.

6.00 மணிக்கு ஒரே மூச்சு எண்ணிக்கை 6-ஆகக் குறைந்தது. சுவாசம் நிமிடத்திற்கு 34 ஆனது. ஆனால் ஒவ்வொரு மூச்சும் மேலோட்டமாக இருந்தது. மூச்சிழுக்கும்போது வயிறு மேலெழ, மார்பு உள்வாங்கியது. விலாவிடைத் தசைகள் தோற்று உதரவிதானம் தனியே இழுக்கிறது என்பதற்கு அது அடையாளம். அதே நேரத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் 97 சதவீதம் காட்டியது. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூச்சு குறையும்போது கார்பன்-டை-ஆக்சைடு தேங்குகிறது. சாதாரணக் காற்றை மூச்சிழுப்பவரின் நுரையீரல் நுண்ணறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் பாதரசம். ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு 40. அது 80-ஆக ஏறினால் நுண்ணறை ஆக்சிஜன் ஏறத்தாழ 50-க்கு இறங்கிவிடும். ஆக்சிமீட்டரும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதே நோயாளிக்கு 50 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால், கார்பன்-டை-ஆக்சைடு 80-ஆக இருக்கும்போதும் நுண்ணறை ஆக்சிஜன் 250-க்கு மேல் இருக்கும். திரையில் 99, 100 என்று தெரியும். ஆக்சிஜன் வைத்துவிட்ட பிறகு, அந்த எண் நோயாளி போதுமான அளவு மூச்சுவிடுகிறாரா என்பதைச் சொல்லாது. வெளிமூச்சின் கார்பன்-டை-ஆக்சைடை அளக்கும் கருவி அந்த வண்டியில் இல்லை. எனவே மருத்துவ உதவியாளர் மார்பையும் வயிற்றையும் எண்ணிக்கையையும் நம்பினார். ஆக்சிமீட்டர் இறங்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

6.04 மணிக்கு நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, மீண்டும் எச்சிலை உறிஞ்சியெடுத்து, அம்பு பையால் மூச்சுக்கு உதவத் தொடங்கினார். முதலில் ஒரு கையால் முகமூடியையும் மறு கையால் பையையும் பிடித்தார். மேடு பள்ளமான சாலையில் முகமூடியின் ஓரம் வழியே காற்று கசிந்து மார்பு சரியாக எழவில்லை. உடனே முகமூடியை இரு கைகளாலும் தானே பிடித்துக்கொண்டு, இரு சுண்டுவிரல்களையும் தாடைக் கோணத்தில் கொடுத்துத் தாடையை முன்னே தூக்கி, பையை அண்ணனிடம் கொடுத்தார். "நான் சொல்றப்ப மட்டும் அழுத்துங்க, முழுசா நசுக்க வேணாம், நெஞ்சு எழுந்ததும் விட்டுடுங்க" என்றார். அண்ணன் கை நடுங்கி முதல் சில முறை வேகமாக அழுத்திவிட்டார். பிறகு மருத்துவ உதவியாளரின் குரலோடு ஒன்றிவிட்டார். நோயாளி தானாக இழுக்கும் மூச்சுகள் இருந்தவரை அவற்றோடு சேர்த்தும், அவை அடங்கிய பிறகு 5 முதல் 6 நொடிக்கு ஒருமுறையும் அழுத்தினார்கள். பெரியவர்களுக்கான பையில் ஒன்றரை லிட்டர் அளவு காற்று உண்டு; தேவைப்படுவது ஏறத்தாழ அரை லிட்டர். அதற்கு மேல் வேகமாகவும் அழுத்தமாகவும் செலுத்தினால் காற்று இரைப்பைக்குள் போய் வாந்தியை வரவழைக்கும்.

6.15 மணிக்குப் பிறகு நோயாளியின் சொந்த மூச்சு நின்றது. கைகால்கள் துவண்டன, கட்டைவிரல் மட்டும் சற்றே அசைந்தது. நினைவுநிலையை மதிப்பிடும் கிளாஸ்கோ கோமா அளவின்படி பார்த்தால் அவர் அதன் மிகக் குறைந்த எண்ணான 3-ஐ ஏறத்தாழ எட்டியிருந்தார். அந்த அளவு கண் திறப்பையும் பேச்சையும் அசைவையும் எண்ணுகிறது. மூன்றுமே தசையின் வேலைகள். தசை முழுதும் உறைந்த, முழு விழிப்போடு இருக்கும் ஒருவருக்கும் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கும் அது ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். மருத்துவ உதவியாளர் இதை அறிந்திருந்ததால் பேசுவதை நிறுத்தவில்லை: "தம்பி, நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். மூச்சு நாங்க குடுக்குறோம். ஆஸ்பத்திரி வந்துடுச்சு."

தாலுகா மருத்துவமனையில்

6.24 மணிக்கு வண்டி சேர்ந்தபோது பணி மருத்துவர் தயாராக இருந்தார். 6.35-க்குள் மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டது. 20 நிமிட ரத்த உறைதல் சோதனையில் ரத்தம் ஒழுங்காக உறைந்தது. கட்டுவிரியன் நஞ்சு ரத்தம் உறைவதைக் கெடுப்பதில்லை. ஆகவே இந்தச் சோதனை சரியாக இருப்பதைக் காட்டி நஞ்சு ஏறவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பணி மருத்துவர் தடம் இல்லை என்பதையோ உறைதல் சரியாக உள்ளது என்பதையோ காரணமாக்கிக் காத்திருக்கவில்லை. 10 குப்பி விஷமுறிவு மருந்தை உப்புநீரில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏறும்படி தொடங்கினார். மருந்துக்கு ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே எடுத்துவைத்திருந்தார். கால் மணி நேரத்தில் உடலெங்கும் தடிப்புகள் வந்தன. மருந்து நிறுத்தப்பட்டு, தொடைத் தசையில் அட்ரினலின் போடப்பட்டு, தடிப்பு அடங்கியதும் மெதுவாக மீண்டும் ஏற்றப்பட்டது. அட்ரோபினுடன் நியோஸ்டிக்மின் ஒருமுறை கொடுத்துப் பார்க்கப்பட்டது. இமைகளில் மாற்றம் தெரியாததால் தொடரவில்லை.

இந்த மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது என்பதால், எந்தப் பாம்பு என்று தெரியாதது சிகிச்சையைத் தாமதப்படுத்தவில்லை. இதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு குப்பியின் பின்னாலும் அந்த மக்களின் கைத்திறன் இருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லாமல் என்னால் இந்தப் பகுதியைக் கடக்க முடிவதில்லை.

வென்டிலேட்டர் வண்டி ஏற்கெனவே வந்து நின்றதால் 8.20 மணிக்கு நோயாளி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட்டார். பயணம் சிக்கலின்றி முடிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

அன்று மாலை நோயாளிக்கு அசைவு எதுவுமே இல்லை. பாவைகள் முழுதாக விரிந்து ஒளிக்குச் சுருங்கவில்லை. தசைநார் அனிச்சைகளும் அற்றுப்போயிருந்தன. பார்க்க வந்த உறவினர் ஒருவர், மூளை செத்துவிட்டதாகத் தெரிகிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று படுக்கைக்கு அருகிலேயே பேசினார். பிரிவின் மருத்துவர் குடும்பத்தினரை வெளியே அழைத்து, நஞ்சால் நரம்புத்தசைச் சந்திப்பு முடங்கியிருக்கும்போது இந்த அடையாளங்களைக் கொண்டு மூளையைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது, வரவும் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கம் இல்லாதிருந்தால் முழு நலத்தோடு மீளக்கூடிய ஒருவர் அன்றிரவே இழக்கப்பட்டிருப்பார். தூங்கவைக்கும் மருந்தும் பதற்றம் தணிக்கும் மருந்தும் தேவையான அளவு கொடுக்கப்பட்டன. விஷமுறிவு மருந்து இன்னும் 10 குப்பி ஏற்றப்பட்டு, அத்தோடு நிறுத்தப்பட்டது. ரத்தத்தில் குறைந்திருந்த பொட்டாசியம் சரிசெய்யப்பட்டது.

மூன்றாம் நாள் கால்விரல்கள் அசைந்தன. நான்காம் நாள் கை. ஆறாம் நாள் கழுத்தை 5 நொடி தூக்கிப்பிடிக்க முடிந்த பிறகு குழாய் அகற்றப்பட்டது. இமைத் தொய்வு சிறிது மீதமிருக்க, பத்தாம் நாள் வீடு திரும்பினார். கடித்த இடம் கடைசிவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

குழாய் எடுத்த மறுநாள் அவர் சொன்னவை பதிவுக்குரியவை. ஆம்புலன்ஸில் அண்ணன் அழுததையும், மருத்துவ உதவியாளர் எண்ணிக்கொண்டே வந்ததையும், உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதையும் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். கண்ணைத் திறக்க எவ்வளவு முயன்றும் இமை அசையாததே எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது என்றார்.

மாற வேண்டியவை

முதல் மாற்றம் அழைப்பிலேயே தேவை. மழைக்காலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு வயிற்றுவலி, தொண்டைவலி, வாந்தி என்று வரும் அழைப்புகளில் நோயாளி தரையில் படுத்திருந்தாரா, இமை தொங்குகிறதா, பேச்சு மாறியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால், இந்த நோயாளிக்கு வென்டிலேட்டர் வண்டி 5.10 மணிக்கே புறப்பட்டிருக்கும். அழைத்த அண்ணன் மூன்றுக்கும் ஆம் என்றுதான் சொல்லியிருப்பார்.

அடிப்படை உயிர்காப்பு வண்டிகளிலும் வெளிமூச்சின் கார்பன்-டை-ஆக்சைடை அளக்கும் சிறு கருவி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த மருத்துவ உதவியாளருக்குக் கண்ணும் காதும் போதுமானவையாக இருந்தன. இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தில் எல்லோரிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதைப்போலவே, பாம்புக்கடி ஐயம் எழுந்ததும் கழுத்துத் தூக்கலையும் ஒரே மூச்சு எண்ணிக்கையையும் 5 நிமிடத்திற்கு ஒருமுறை பதிவுசெய்ய ஆம்புலன்ஸ் படிவத்தில் கட்டம் வேண்டும். அந்தக் கட்டம் இருந்தால், பொறுப்பேற்கும் மருத்துவருக்கு நோயின் வேகம் ஒரே பார்வையில் புரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைக்கும் நோக்கத்துடன் இந்திய அரசு 2024-இல் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தடம் இல்லாத கடிகள் வயிற்றுக்கோளாறு என்றே பதிவாகிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்குகள் நிறைவடையா. ஆம்புலன்ஸ் குழு தன் ஐயத்தை எழுத்தில் வைப்பதும் அந்தக் கணக்கின் ஒரு பகுதியே.

தடுப்பில் மிக எளிய வழி கட்டிலும், ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும்தான். தரையில் படுப்பதைத் தவிர்க்க முடியாத வீடுகளிலும் இப்படிச் செருகிய வலை பாம்பைத் தடுக்கும். நெல் மூட்டைகள் படுக்கையறையில் இருக்கும்வரை எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். இந்த நோயாளியின் குடும்பம் மூட்டைகளைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டது.

எங்கள் பயிற்சியில் ஒரு மாற்றத்தை ஏற்கெனவே செய்துவிட்டோம். அம்பு பைத் தேர்வில் முன்பு 2 நிமிடம் அழுத்திக் காட்டினால் போதும். இப்போது மாணவர் முகமூடியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மருத்துவம் தெரியாத ஒருவருக்குப் பையை அழுத்தக் கற்றுக்கொடுத்து, அவரோடு சேர்ந்து 20 நிமிடம் பொம்மைக்கு மூச்சு கொடுக்க வேண்டும். அந்த நேரம் முழுதும் நோயாளியிடம் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாதவர் தேர்வை மறுபடி எழுத வேண்டும்.